இடப்பக்கச் செயின்

செயின் கழன்றால் எல்லோரும் முதலில் குனிந்து பார்ப்பது செயினைத்தான். தொய்வாக இருந்தால் இறுக்குகிறார்கள். மறுபடி கழன்றால் இன்னும் கொஞ்சம் இறுக்குகிறார்கள். அப்புறம் புதுச் செயின் வாங்கிவிடுகிறார்கள். நான் செயினை ஆகக் கடைசியில்தான் பார்க்கிறேன். மோட்டார் பூட்டிய சைக்கிளில் செயினுக்கென்று சொந்தமாக ஒரு பாதை கிடையாது. முன்னால் ஒரு பல்சக்கரம், பின்னால் ஒரு பல்சக்கரம். அவை எந்தப் பக்கம் பார்த்து நிற்கின்றனவோ அந்தப் பக்கம்தான் அது போயாக வேண்டும். இரண்டும் ஒரே கோட்டில் நிற்காவிட்டால் செயின் நடுவில் கிடந்து தேயும், கத்தும், ஒருநாள் வெளியே குதிக்கும். குற்றம் வேறு எங்கோ இருக்கும். சத்தம் மட்டும் செயினிலிருந்து வரும்.

*

உப்பு அண்ணாச்சியின் வண்டி இருபத்தெட்டு இன்ச் கருப்புச் சைக்கிள். கேரியரில் ஒரு மூட்டை கல்லுப்பு, அதன் மேல் ஒரு படி. தூத்துக்குடித் தெருக்களில் இப்படி உப்பு விற்கிறவர்கள் இன்னும் சிலர் இருக்கிறார்கள். முழங்கால் தேய்ந்துபோனதால் மகன் ஒரு மோட்டார் கிட் வாங்கிப் பூட்டிக் கொடுத்தான். 24 வோல்ட், 250 வாட். பாருக்கு அடியில் தகரப் பெட்டிக்குள் இரண்டு 12 வோல்ட் பேட்டரி. இடப்பக்கக் கீழ்க்குழாயில் ஒரு கிளாம்ப், அதில் மோட்டார், அதன் நுனியில் 9 பல் உள்ள சின்னச் சக்கரம். பின்சக்கரத்தின் இடப்பக்கம் 16 பல். நடுவில் சாதாரண சைக்கிள் செயின், 84 கண்ணி.

கால் கிலோவாட்டுக்குள், மணிக்கு 25 கிலோமீட்டருக்குள் ஓடும் இப்படிப்பட்ட வண்டியை மத்திய மோட்டார் வாகன விதிகள் மோட்டார் வாகனமாகக் கணக்கெடுப்பதில்லை. அந்தச் சின்ன இடைவெளிக்குள்தான் வயதானவர்கள் பலர் தங்கள் பிழைப்பை ஓட்டிக்கொண்டிருக்கிறார்கள். எனக்கு அந்த விதியின் மேல் மரியாதை உண்டு.

"தம்பி, ஏத்தத்துல மட்டும் கர்ருன்னு ஒரு சத்தம் கேக்கு. சமதரையில ஒண்ணும் இல்ல."

"ஆக்சிலேட்டர்ல இருந்து கையை எடுத்தா நிக்குதா அண்ணாச்சி?"

"உடனே நின்னுரும்."

பாதி வேலை இந்தப் பேச்சிலேயே முடிந்துவிட்டது. கையை எடுத்ததும் நிற்கிற சத்தம் சக்கரத்தின் பால்ரஸ்ஸிலிருந்தோ மட்கார்டிலிருந்தோ வருவது அல்ல. பின்னால் இருப்பது ஃப்ரீவீல். மோட்டார் நின்றால் இடப்பக்கச் செயினும் நின்றுவிடும், சக்கரம் மட்டும் ஓடும். ஆகவே சத்தம் அந்த 84 கண்ணிக்குள், அல்லது அதைப் பிடித்திருக்கும் இரண்டு முனைகளில். ஏற்றத்தில் மட்டும் வருகிறது என்பது இன்னொரு செய்தி. இழுவை கூடும்போது ஏதோ ஒன்று தன் இடத்தை விட்டு நகர்கிறது.

*

மோட்டாருக்குப் பலம் அதிகம், அதனால்தான் செயின் சீக்கிரம் போகிறது என்று பொதுவாகச் சொல்வார்கள். கணக்குப் போட்டுப் பார்த்தால் அப்படித் தெரியவில்லை.

மோட்டாரின் அச்சு நிமிடத்துக்குச் சுமார் 300 சுற்று. 9 பல். ஒரு கண்ணி அரை அங்குலம், அதாவது 12.7 மில்லிமீட்டர். செயின் நிமிடத்துக்கு 34 மீட்டர் ஓடுகிறது. வலப்பக்கம் பெடலோடு இருப்பது 44 பல். ஒருவர் நிதானமாக நிமிடத்துக்கு 60 சுற்று மிதித்தால் அந்தச் செயினும் கிட்டத்தட்ட அதே 34 மீட்டர்தான் ஓடும். இழுவையைப் பார்த்தால், முழு 250 வாட்டில் மோட்டார் தன் செயினை இழுப்பது ஏறக்குறைய 44 கிலோ எடை தொங்குவதற்குச் சமம். 60 கிலோ ஆள் ஒருவர் மேட்டில் பெடல் மேல் எழுந்து நின்றால் வலப்பக்கச் செயினில் 110 கிலோவுக்கு மேல் விழுகிறது.

வேகம் ஒன்று. இழுவையில் கால்தான் பெரிது. இருந்தும் வலப்பக்கச் செயின் வருஷக்கணக்கில் உழைக்கிறது, இடப்பக்கச் செயின் மாதக்கணக்கில் மடிகிறது.

இதை நான் ரொம்ப நாள் யோசித்துக்கொண்டிருந்தேன். எனக்குத் தோன்றும் முதல் காரணம், கால் செயினை உணர்கிறது. செயின் பல்லில் ஏறுகிறது என்றால் பெடலில் ஒரு சின்னத் தடுக்கல் பாதத்துக்குத் தெரியும். யாரும் சொல்லித்தராமலே கால் அந்தக் கணத்தில் அழுத்தத்தைத் தளர்த்திவிடும். போதாதற்கு, பெடல் மேலேயும் கீழேயும் வரும்போது ஒவ்வொரு சுற்றிலும் இரண்டு முறை இழுவை குறைகிறது. வழி தவறப் பார்த்த கண்ணி மறுபடி ஒழுங்காக உட்கார அவகாசம் கிடைக்கிறது. மோட்டார் எதையும் உணர்வதில்லை. செயின் பல்லின் மேல் ஏறி நின்றாலும், பக்கத் தகடு பல்லை அறுத்துக்கொண்டிருந்தாலும், அதே 44 கிலோ. கால் தன்பாட்டுக்குச் செய்துகொண்டிருந்த வேலையை இங்கே யாராவது முன்கூட்டியே செய்து வைக்க வேண்டியிருக்கிறது. இரண்டு சக்கரத்தையும் நேர்ப்படுத்துவது அந்த வேலைதான்.

*

இரண்டாவது காரணம் அந்த ஒன்பது பல்.

ஒன்பது பல் சக்கரத்தில் ஏறும்போது ஒவ்வொரு கண்ணியும் 40 பாகை மடங்க வேண்டும். பதினாறில் 22½ பாகை. பெடலின் 44 பல்லில் எட்டுப் பாகைக்குக் கொஞ்சம் மேல், அவ்வளவுதான். மடங்கும் ஒவ்வொரு தடவையும் கண்ணிக்குள் இருக்கும் பின்னும் புஷ்ஷும் உராய்கின்றன. இதோடு இன்னொன்று: பல் குறையக் குறையச் சக்கரம் வட்டமாக இல்லாமல் பலகோணமாகிவிடுகிறது. ஒன்பது மூலை உள்ள ஒன்று சுற்றும்போது, ஒவ்வொரு மூலைக்கும் செயினின் வேகம் நூற்றுக்கு ஆறு பங்கு ஏறி இறங்கும். நாற்பத்து நான்கு பல்லில் அது நூற்றுக்குக் கால் பங்கு. சின்னப் பல்சக்கரத்தின் பக்கத்தில் காது வைத்தால் ஒரு மெல்லிய நடுக்கம் கேட்கும். அது கோளாறு இல்லை, ஒன்பதின் இயல்பு. அதை நீக்கப் பார்க்க வேண்டியதில்லை.

ஆனால் ஒன்பது பல்லில் ஒரே சமயத்தில் செயினைப் பிடித்திருப்பது நாலைந்து பல்தான். பெடல் பக்கம் இருபதுக்கு மேல் பிடித்திருக்கும். ஒன்று சரியாகப் பிடிக்காவிட்டால் மற்றவை தாங்கும். இங்கே தாங்க ஆள் இல்லை.

*

சத்தத்தைக் கேட்பதற்கு ஒரு முறை இருக்கிறது. தாளத்தை எண்ண வேண்டும்.

இந்த வண்டி முழு வேகத்தில் போகும்போது மோட்டார் பல்சக்கரம் வினாடிக்கு ஐந்து முறை சுற்றுகிறது. பின்சக்கரம் மூன்றுக்குச் சற்றுக் குறைவு. செயின் ஒரு முழுச் சுற்று வர ஏறக்குறைய இரண்டு வினாடி. ஆகவே விட்டு விட்டு, நிதானமாக, இரண்டு வினாடிக்கு ஒருமுறை 'டிக்' என்றால், ஒரே ஒரு கண்ணி இறுகிப்போயிருக்கிறது. சக்கரத்தோடு சேர்ந்து வந்தால் பின் பல்சக்கரம் ஆடுகிறது. பிரித்து எண்ண முடியாத அளவுக்கு வேகமாக வந்தால் மோட்டார் முனை. தாளமே இல்லாமல் ஒரே இழுப்பாகக் 'கர்ர்' என்று வந்தால் எல்லாக் கண்ணியும் ஒரே மாதிரி பக்கவாட்டில் உரசுகின்றன என்று அர்த்தம், அதாவது கோணல்.

வண்டியைத் தூக்கி நிறுத்தி மெதுவாக ஓடவிட்டுச் செயினில் ஒரு கண்ணிக்குச் சுண்ணாம்பு வைத்துக்கொண்டால் எண்ணுவது இன்னும் எளிது. அந்த வெள்ளைக் கண்ணி ஒரு முறை வந்துபோவதற்குள் பின்சக்கரம் ஐந்தேகால் சுற்று சுற்றிவிடும்.

நூற்பாலையில் ஃபிட்டராக இருந்த காலத்தில் எனக்கு வேலை சொல்லிக்கொடுத்த மேஸ்திரி கருவிப் பையைத் திறக்கவே விடமாட்டார். முதலில் மெஷின் பக்கத்தில் கைகட்டி நிற்க வேண்டும். அது ஓடுவதைக் கேட்க வேண்டும். எவ்வளவு நேரம் என்பதை அவர் சொல்லமாட்டார்.

*

கண்ணுக்குத் தெரியும் தடயங்களும் உண்டு. செயினைக் கழற்றி வெயிலில் பிடித்தேன். உட்பக்கத் தகடுகளின் ஒரு முகம் மட்டும் வெள்ளி போல் பளபளத்தது. எதிர்முகத்தில் பழைய கறுப்பு எண்ணெய் அப்படியே இருந்தது. மோட்டார் பல்சக்கரத்திலும் அப்படித்தான். ஒவ்வொரு பல்லின் வெளிமுகத்திலும் நகம் அளவுக்கு ஒரு தேய்வு, விளிம்பில் விரலில் குத்தும் பிசிறு. உள்முகம் புதிதாக இருந்தது. செயின் உள்பக்கமாக இழுபடுகிறது, பல்சக்கரம் வெளியே தள்ளி நிற்கிறது. வேறு சாட்சி தேவையில்லை.

*

எதிலிருந்து தொடங்குவது என்பதுதான் முக்கியம். மோட்டாரை நகர்த்துவது எளிது என்பதால் எல்லோரும் அங்கே தொடங்குகிறார்கள். நான் பின்சக்கரத்தில் தொடங்கினேன். சக்கரமே கோணலாக இருந்தால் அதற்கு நேராக மோட்டாரை வைப்பது கோணலுக்குக் கோணல் சேர்ப்பது.

சைக்கிளின் பின்கவை, வலப்பக்கம் இழுக்கும் ஒரு செயினை நினைத்துச் செய்யப்பட்டது. இந்த வண்டியில் செயின் அட்ஜஸ்டரும் வலப்பக்கம் மட்டும்தான் இருந்தது. இப்போது இடப்பக்கமும் ஒரு இழுவை வந்துவிட்டது. அந்த முனையைத் தடுத்து நிறுத்த நட்டின் பிடிப்பைத் தவிர எதுவுமில்லை. ஒவ்வொரு மேட்டிலும் அச்சின் இடமுனை நூலளவு நூலளவாக முன்னால் நகர்ந்திருக்கிறது. கவையின் பெயின்டில் வாஷர் ஊர்ந்துபோன வடு தெளிவாகத் தெரிந்தது. சக்கரத்தை நடுவில் நிறுத்தி, இடப்பக்கமும் ஒரு அட்ஜஸ்டர் போட்டேன். சைக்கிள் கடைகளில் மலிவாகக் கிடைக்கும் சாமான். இந்த மாதிரி வண்டிகளில் அது கட்டாயம் இருக்க வேண்டும் என்றுதான் சொல்வேன். கிட்டோடு அதைக் கொடுக்காதது எனக்கு வருத்தம்.

அடுத்தது ஹப்பின் இடப்பக்கம் ஸ்போக்கோடு போல்ட் போட்டுப் பிடித்திருக்கும் வட்டத் தகடு. அதன் மேல்தான் ஃப்ரீவீல். சாதாரண ஃப்ரீவீலை இடப்பக்கம் மாட்டினால் எதிர்த்திசையில்தான் பிடிக்கும். இதற்கென்றே இடப்பக்க ஃப்ரீவீல் உண்டு. இந்தத் தகட்டை ஆடாமல் நிறுத்தும் சிக்கல் அமெரிக்காவில் சைக்கிளில் சின்னப் பெட்ரோல் எஞ்சின் பூட்டி ஓட்டுகிறவர்களுக்கும் உண்டு. அவர்களுடைய சீனக் கிட்டில் பெரும்பாலும் 44 பல் வளையம், ஸ்போக்குக்கு இரண்டு பக்கமும் ரப்பர், ஒன்பது போல்ட். ரப்பர் ஒரு பக்கம் அதிகம் அமுங்கினால் வளையம் தலையாட்டும்.

கவையில் ஒரு கம்பியைக் கட்டி அதன் நுனியைப் பல்லுக்குப் பக்கத்தில் நிறுத்தினேன். சக்கரத்தைக் கையால் சுற்றினால் கம்பிக்கும் பல்லுக்கும் நடுவே உள்ள வெளிச்சம் அகலும், குறுகும். அதிகம் குறுகும் இடத்தில் சுண்ணாம்பு. போல்ட்டுகளைக் கொஞ்சம் தளர்த்தி, சுத்தியலின் மரப்பிடியால் மெல்லத் தட்டி, எதிரெதிர் போல்ட்டாக அரைச் சுற்று, கால் சுற்று என்று இறுக்கினேன். ஒன்றை முழுக்க இறுக்கிவிட்டு அடுத்ததற்குப் போகக் கூடாது. முழுக்க ஆட்டம் நிற்காது. ஃப்ரீவீலுக்குள்ளேயே கொஞ்சம் ஆட்டம் இருக்கும். எவ்வளவு வெளியே வருகிறது, எவ்வளவு உள்ளே போகிறது என்று பார்த்து, அதன் நடுவைத்தான் அதன் இடமாக எடுத்துக்கொள்ள வேண்டும்.

*

நூல் பிடிக்கும் வேலை எனக்குப் பிடிக்கும்.

பின் பல்சக்கரத்தின் மேல் நேரடியாக நூல் பிடித்து மோட்டார் வரை இழுத்துப் பார்ப்பார்கள். அது போதாது. 16 பல்லின் விட்டம் 65 மில்லிமீட்டர். அந்தச் சின்ன முகத்தை நம்பி 45 சென்டிமீட்டருக்குக் கோடு இழுத்தால், பின்னால் அரை மில்லிமீட்டர் பிசகு முன்னால் மூன்றரை மில்லிமீட்டர் ஆகிவிடும். வண்டியில் நம்பத்தக்க நீளமான முகம் ஒன்றுதான் இருக்கிறது: பின்சக்கரம். ரிம் கோட்டம் எடுத்திருந்தால் அதைவிட நல்ல அளவுகோல் வேறில்லை.

வண்டியைச் செங்கல் அண்டைகொடுத்து நிறுத்தி, தூக்குக்குண்டு தொங்கவிட்டுப் பின்சக்கரம் செங்குத்தாக இருக்கிறதா என்று பார்த்துக்கொண்டேன். மில்லில் மிச்சமான முறுக்கு நூலைத் தரையிலிருந்து ஒரு சாண் உயரத்தில் பின்டயரின் இடப்பக்கத்தில் பின்விளிம்பையும் முன்விளிம்பையும் தொடுமாறு வைத்து, முன்சக்கரம் தாண்டி இழுத்து ஒரு கல்லில் கட்டினேன். டயரை நூல் தொடுகிறதா, அழுத்துகிறதா என்பதில்தான் எல்லாம் இருக்கிறது. நூலுக்கும் ரப்பருக்கும் நடுவே ஒரு பீடி இலையை நுழைத்தால் தடையில்லாமல் போய்வர வேண்டும், ஆனால் விட்டால் கீழே விழக் கூடாது. சரியாக வரும் வரை நூலை மயிரிழை மயிரிழையாக நகர்த்திக்கொண்டிருந்தேன். அந்த நேரத்தில் வேறு நினைவு எதுவும் வருவதில்லை. கண் நூலில் இருக்கிறது, மூச்சுகூட அதற்குத் தகுந்தாற்போல் மெதுவாகிவிடுகிறது.

பின் பல்சக்கரத்தின் முகத்திலிருந்து தூக்குக்குண்டு தொங்கவிட்டு, நூலிலிருந்து அதன் தூரத்தை அளந்தேன்.  மோட்டார் பல்லிலிருந்து தொங்கவிட்டு அளந்தால் அதைவிடக் கூடுதல். ஐந்து மில்லிமீட்டர் வெளியே. அடுத்து, மோட்டார் பல்சக்கரத்தின் முகத்தோடு ஓர் அடி இரும்பு ஸ்கேலை ஒட்டிப் பிடித்து இரண்டு முனையிலும் அளந்தால், பின்முனை முன்முனையைவிட நான்கு மில்லிமீட்டர் தள்ளி நின்றது. இடம் தவறியது ஒன்று, திசை தவறியது இன்னொன்று. இரண்டையும் ஒன்றாக நினைக்கக் கூடாது. இடம் தவறியதைக் கிளாம்ப்புக்கும் மோட்டாருக்கும் நடுவே உள்ள வாஷரைக் கழித்தோ கூட்டியோ சரிசெய்துவிடலாம். திசை தவறியதை வாஷர் மட்டும் திருத்தாது. மோட்டாரைத் திருப்பி வைக்க வேண்டும். திசைப் பிசகுதான் அதிகக் கெடுதல் செய்யும். இடம் மட்டும் தவறியிருந்தால் அந்த ஐந்து மில்லிமீட்டர் முக்கால் பாகைகூட வராது. கியர் சைக்கிளில் இதைவிட அதிகக் கோணத்தில் செயின் ஓடுகிறது. ஆனால் அந்தச் செயின் பக்கவாட்டில் வளையும்படி மெலிதாகச் செய்யப்பட்டது. நம்முடைய எட்டில் ஒரு பங்கு அங்குல அகலச் செயின் அப்படி வளையாது.

*

எல்லாம் நேராக்கியாயிற்று. அண்ணாச்சி ஏறி உட்கார்ந்தார். முன்சக்கரத்தைச் சுவரில் முட்டவைத்து, ஆக்சிலேட்டரை லேசாக, ஒரே ஒரு கணம் திருகச் சொன்னேன். நான் பின்னால் குத்தவைத்து, கையைத் தள்ளி வைத்துக்கொண்டு, செயினின் மேல்பாதியைப் பார்த்தேன்.

மோட்டார் தலை சாய்த்தது. கிளாம்ப் அந்த உருண்டைக் குழாயின் மேல் கொஞ்சம் உருண்டு, மோட்டாரின் நுனி பின்சக்கரத்தை நோக்கி உள்ளே குனிந்தது. ஆக்சிலேட்டரை விட்டதும் பழைய இடத்துக்கு வந்துவிட்டது. நிற்கும்போது நேர், இழுக்கும்போது கோணல். அண்ணாச்சி சொன்ன ஏற்றத்துச் சத்தம் இதுதான். நூலும் தூக்குக்குண்டும் இதைக் காட்டவே முடியாது. அவை நிற்கிற வண்டியைத்தான் அளக்கின்றன.

உருண்டைக் குழாயில் ஒற்றைக் கிளாம்ப் போதாது. மோட்டாரின் மறுமுனையிலிருந்து சீட்டுக்குக் கீழே வரும் குழாய்க்கு ஒரு பட்டை இரும்பு கொடுத்தேன், முக்கோணமாக. மோட்டார் பக்கத்து ஓட்டையை மட்டும் நீளவாக்கில் ராவி வைத்தேன், செயின் தொய்வை எடுக்க மோட்டார் முன்னே பின்னே நகர வேண்டும் என்பதால்.

அந்த நீள ஓட்டைக்கு ஒரு காரணம் இருக்கிறது. இந்த வண்டியில் ஒரே அச்சை இரண்டு செயின் இழுக்கிறது. சக்கரத்தைப் பின்னே தள்ளி இடச் செயினை இறுக்கினால் வலச் செயின் விறைக்கும். வலத்துக்குச் சரியாக வைத்தால் இடச் செயின் தொங்கும். ஆகவே அச்சு பெடல் செயினுக்கு. இடச் செயினுக்கு மோட்டார் நகர வேண்டும். இதை ஒரு முறை தீர்மானித்துக்கொண்டால் வேலை அமைதியாக நடக்கும்.

சுவரில் முட்டவைத்து மறுபடி பார்த்தோம். மோட்டார் அசையவில்லை.

*

கிட்டோடு வந்த டென்ஷனரை, அதாவது செயினை அழுத்தும் ஸ்பிரிங் உருளையை, கழற்றிவிட்டேன். டென்ஷனர் தொய்வை எடுப்பதற்கு மட்டும். கோணலாக வரும் செயினை வழிக்குத் தள்ளும் வேலையை அதற்குக் கொடுத்தால், அது தன் பக்க விளிம்பால் செயினை அறுக்கும், கடைசியில் ஸ்போக்குக்குள் சாயும். எங்காவது வைத்தே ஆக வேண்டும் என்றால் கீழ்ப்பாதியில்தான் வைக்க வேண்டும். மேல்பாதி இழுவைப் பாதி. விரலால் தூக்கினால் நடுவில் அரை அங்குலம் அசைய வேண்டும். அதற்கு மேல் இறுக்கினால் பால்ரஸ்ஸுக்குத்தான் கேடு. சக்கரத்தைச் சுற்றிச் சுற்றி, ஆக விறைப்பான இடத்தைக் கண்டுபிடித்து அங்கே இந்த அரை அங்குலத்தை வைக்க வேண்டும்.

*

ஹான்ஸ் ரெனால்ட் என்ற சுவிட்சர்லாந்துக்காரர் இங்கிலாந்தில் மான்செஸ்டருக்குப் பக்கத்தில் சால்ஃபோர்டில் ஒரு சின்னத் தொழிற்கூடத்தை 1879இல் விலைக்கு வாங்கினார். அங்கே செய்துகொண்டிருந்தது நூற்பாலை மெஷின்களுக்கான செயின். 1880இல் புஷ்ஷும் ரோலரும் வைத்த செயினை உருவாக்கினார். ஐந்து வருஷம் கழித்து ஸ்டார்லியின் ரோவர் சைக்கிள் வந்தது, பின்சக்கரத்தைச் செயின் இழுக்கும் சைக்கிள். இன்று அண்ணாச்சியின் வண்டியில் ஓடுவதும் அமைப்பில் அதே செயின்தான். நூல் நூற்கும் மெஷினிலிருந்து சைக்கிளுக்கு வந்த பொருள் என்பதில் மில்லில் வேலை பார்த்த எனக்கு ஒரு தனிச் சந்தோஷம்.

சைக்கிளில் எஞ்சின் வைத்தவர்களில் சிலர் செயினையே தவிர்த்திருக்கிறார்கள். 1946இல் ஜப்பானில் சொய்ச்சிரோ ஹோண்டா, ராணுவ வயர்லெஸ்ஸுக்கு மின்சாரம் தந்த குட்டி எஞ்சின்களை வாங்கிச் சைக்கிளில் பூட்டினார். அவர் வைத்தது பெல்ட். அதே வருஷம் பிரான்சில் விற்பனைக்கு வந்த சோலெக்ஸில் ஓர் உருளை நேரே முன்டயரின் மேல் உட்கார்ந்து உருட்டியது. பெல்ட் கோணலை ஓரளவு பொறுத்துக்கொள்ளும், வழுக்கும். உருளைக்கு நேர் கோணல் பிரச்சினையே இல்லை, மழையில் பிடிக்காது, டயரைத் தின்னும். நம் ஊரில் 1972இல் லூனா வந்தது, 1980இல் ஓசூரிலிருந்து டிவிஎஸ் 50. அவற்றிலும் பெடல் இருந்தது. ஆனால் எஞ்சின் உட்கார வேண்டிய இடம் தொழிற்சாலையிலேயே அச்சுப்போட்டது போல் முடிவாகியிருந்தது. ஓட்டுகிறவர் நூல் பிடிக்க வேண்டியதில்லை.

கையால் பூட்டிய வண்டியில் அந்த முடிவை ஒவ்வொரு வண்டிக்கும் தனித்தனியாக எடுக்க வேண்டியிருக்கிறது. ஒரு வண்டியின் அளவு அடுத்ததற்கு உதவாது.

*

உப்பைப் பற்றி எழுதாமல் விட முடியாது. மூட்டையிலிருந்து கசியும் உப்புநீர் கேரியர் கம்பி வழியாக இறங்கி நேரே இடப்பக்கச் செயினில் சொட்டுகிறது. ஒரே இரவில் துரு. துருப்பிடித்த கண்ணி மடங்காது; 40 பாகை மடங்க வேண்டிய இடத்தில் விறைத்து நிற்கும், பல்லில் ஏறும். நேராக வைத்த வண்டியிலும் செயின் குதிக்க இது ஒன்று போதும். மூட்டைக்கு அடியில் ரப்பர் ஷீட் ஒன்றை விரித்து, வலப்பக்கம் வழியும்படி சாய்த்துக் கட்டச் சொன்னேன். வலப்பக்கம் செயின்கவர் இருக்கிறது.

எண்ணெய் விஷயத்தில் ஒன்றே ஒன்று. வெளியே பூசுவதில் பயனில்லை. ஒவ்வொரு ரோலருக்கும் ஒரு சொட்டு, உள்ளே இறங்க ஒரு ராத்திரி, காலையில் வெளிப்பக்கத்தைத் துணியால் உலரத் துடைத்துவிட வேண்டும். வெளியே ஈரம் இருந்தால் உப்புத்தூளும் மண்ணும் ஒட்டும். அண்ணாச்சி இதைப் பொறுமையாகக் கேட்டுக்கொண்டார்.

"தெனமுமா தம்பி?"

"வாரம் ஒருக்கா போதும் அண்ணாச்சி. மழைல நனைஞ்சா மட்டும் அன்னைக்கே."

*

அண்ணாச்சி மேம்பாலத்தில் ஏறி இறங்கி வந்துவிட்டார். சத்தம் இல்லை என்றார். நான் போல்ட்டுகளை மறுபடி இறுக்கினேன். ரப்பரும் பெயின்டும் அமுங்கும், முதல் ஓட்டத்துக்குப் பிறகு எல்லாம் கொஞ்சம் தளர்ந்துதான் இருக்கும். பழைய செயினை அளந்தபோது 24 கண்ணி 12 அங்குலத்தைத் தாண்டிப் பதினாறில் ஒரு பங்கு அங்குலம் நீண்டிருந்தது. மாற்ற வேண்டிய எல்லை அது. அதைத் தாண்டி ஓட்டினால் நீண்ட கண்ணி புதுப் பல்லையும் தன் அளவுக்குத் தேய்த்துக்கொள்ளும். மாற்றியாயிற்று.

அடுத்த முறை பல்சக்கரம் தேயும்போது மோட்டாரில் ஒன்பதுக்குப் பதிலாக 11 பல் போடலாம் என்று இருக்கிறேன். கண்ணி 40 பாகைக்குப் பதில் 33 பாகைக்குள் மடங்கும், கூட ஒரு பல் செயினைப் பிடிக்கும், நடுக்கமும் குறையும். பின்னால் 16ஐ அப்படியே விட்டால் வேகம் மணிக்கு 27 கிலோமீட்டர் ஆகி விதியைத் தாண்டிவிடும், மேட்டில் இழுவையும் குறையும். பின்னால் 20 பல் ஃப்ரீவீல் போட்டால் இப்போதுள்ள 22 கிலோமீட்டர் வேகமே நிற்கும். இடப்பக்கத்துக்கான 20 பல் கிடைக்கிறதா என்று மதுரையில் விசாரிக்கச் சொல்லியிருக்கிறேன். கிடைத்தால் செயினுக்கு நான்கு கண்ணி கூடும். நூலை மறுபடி முதலிலிருந்து பிடிக்க வேண்டும்.